பின்சீட்டு மூச்சு

பெரியவள் விழுந்து ஒரு வாரம் ஆகியும் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

விமானத்தோடு விழவில்லை, செக்கில் விழுந்தாள். விமானப் பயிற்சிப் பள்ளியில் பரீட்சைக்கு அப்படித்தான் பெயர்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற அப்பாவுக்கு இரண்டு பெண்கள். கூட்டாளிகள் அவரைக் கொக்கி என்று கூப்பிடுவார்கள். கொக்கி வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் விமானி ஆகப் படிப்பது துறைமுகம் முழுக்கத் தெரியும். முதலில் சேர்ந்தவள் பெரியவள். ஒரு வருஷம் கழித்து, அக்கா போகிறாளே என்று பின்னாலேயே வந்து சேர்ந்தவள் சின்னவள். பின்னால் வந்தவள் இப்போது அக்காவின் தோளை உரசிக்கொண்டு நிற்கிறாள்.

இன்று சின்னவளுக்குச் செக். அக்கா விழுந்த அதே செக்.

அது ஹோல்டிங் செக். வானத்தில் வரிசையில் நிற்பதற்கு ஹோல்டிங் என்று பெயர். நிற்பது என்று சும்மா சொல்வதுதான். விமானத்தால் நிற்க முடியாது. கீழே ரன்வே காலியாகும்வரை, தரையிலிருந்து சிக்னல் அனுப்பும் பீக்கனின் தலைக்கு மேல் நீள்வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே பார்க்கக் கூடாது. மேகத்துக்குள் இருப்பதாக எண்ணி, எதிரே இருக்கிற கருவிகளின் முட்களை மட்டும் நம்பிச் சுற்ற வேண்டும். அந்த வட்டத்துக்குள் நுழைய மூன்று வழிகள் உண்டு. எந்தப் பக்கமிருந்து வருகிறோமோ அதற்கேற்ற வழியை நொடியில் முடிவு செய்ய வேண்டும். போன வாரம் பெரியவள் தப்பான வழியில் நுழைந்தாள். மலை இருக்கும் பக்கம் விமானத்தைத் திருப்பினாள். பக்கத்தில் இருந்த பரிசோதகர் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான், கதை முடிந்தது.

வீட்டில், "காத்து ஜாஸ்தி" என்று மட்டும் சொன்னாள்.

"காத்துன்னா அப்படித்தான்" என்றார் அப்பா. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

காலையில் பெரியவள் எழுந்து வந்தபோது அப்பா கூடத்து மேசையில் போர்வையை விரித்துச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை. சின்னவளுடையது. இரும்புக் கம்பியைப் பிடித்துக் காய்த்துப்போன கை, காலர் மடிப்பில் பூனை நடப்பதுபோல் நடந்தது.

பெரியவள் பார்த்துக்கொண்டே நின்றாள். போன வாரம் தன் சட்டையைத் தானேதான் தேய்த்துக்கொண்டாள். சட்டைக் கை ஒன்றில் பொசுங்கல் வேறு.

"எனக்கெல்லாம் இப்படித் தேச்சுத் தரலையே" என்றாள். சிரிப்பது மாதிரி சொன்னாள்.

"கேட்டேனே. தொடாதீங்க, கறையாக்கிடுவீங்கன்னு நீதானே கத்தினே?"

"அவ சட்டையில கறையாகாதா?"

"ஆகட்டும்னுட்டா." அப்பா சட்டையை உதறினார். "அவளுக்கு எதுவும் ஆகட்டும்தான்."

அப்பா பெருமையாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். உள்ளதைச் சொன்னதுதான் சுருக்கென்றது.

சின்னவள் சமையல்கட்டில் ரொட்டியைக் கடித்துக்கொண்டே நடந்துகொண்டிருந்தாள். தரைக் கட்டங்கள்மேல் நேராக நான்கு எட்டு, வலப்பக்கம் அரை வட்டம், திரும்ப நான்கு எட்டு, மறுபடி அரை வட்டம். ஒரு கரண்டிதான் பீக்கன். அதை அடுப்பு மேடையில் வைத்திருந்தாள்.

"ஏய், ரொட்டியைத் தின்னுட்டுச் சுத்து. தலை சுத்தும்" என்றார் அப்பா. "உங்க பிழைப்பு எனக்குப் புரியவே மாட்டேங்குது. இடம் இல்லைன்னா எங்க கப்பலும்தான் வெளிய காத்துக் கிடக்குது. அது நங்கூரத்தைப் போட்டுட்டுத் தூங்குது. நீங்க இடம் கிடைக்கலைன்னா ஓடிக்கிட்டே இருக்கீங்க."

"நங்கூரம் குடுத்தா நாங்களும் தூங்குவோம்பா."

அப்பா சிரித்தார். பெரியவளும் சிரிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. வாய் கோணியதே தவிரச் சிரிப்பு வரவில்லை.

"அக்கா" என்றாள் சின்னவள். "இன்னிக்கு என் பின்சீட்ல நீ வர்றே."

"நானா? யார் சொன்னது?"

"நான்தான் கேட்டேன். செக்ல விழுந்தவங்க மறுபடி குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு செக்கைப் பின்னாடி உக்காந்து பாக்கணுமே. யாரோடதையோ பாக்கிறதுக்கு என்னோடதைப் பாரேன். நீ இருந்தா எனக்கும் தைரியமா இருக்கும்."

செக்ல விழுந்தவங்க. சின்னவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அவளுக்குக் குத்தத் தெரியாது. அதனால்தான் அது பெரியவளுக்கு ஆழமாகக் குத்தியது.

இன்னொன்றும் இருந்தது. இரட்டை எஞ்சின் விமானத்துக்கான வகுப்பில் இந்தப் பருவத்துக்கு ஒரே ஓர் இடம்தான் மிச்சம். நாளை மாலைக்குள் ஹோல்டிங் செக்கை முடிப்பவர்களில் முந்திக்கொள்பவருக்கு அது. இன்று சின்னவள் தேறினால் அவளுக்கு. சின்னவள் விழுந்து, நாளை மறுசெக்கில் பெரியவள் தேறினால் பெரியவளுக்கு. அடுத்த இடம் எப்போது வரும் என்று பள்ளியில் யாருக்கும் தெரியாது.

இதைச் சின்னவளும் அறிவாள். அறிந்துதான் கூப்பிடுகிறாள். ஒருத்திக்குக் கிடைத்தால் இரண்டு பேருக்கும் கிடைத்த மாதிரி என்று நினைக்கிற ஜாதி அவள்.

"சரி, வர்றேன்" என்றாள் பெரியவள்.

*

பரிசோதகருக்குப் பையன்கள் வைத்த பெயர் ஊமை. தரையில் நன்றாகப் பேசுவார். விமானம் கிளம்பிவிட்டால் வாயில் பூட்டு. தேறினாயா, விழுந்தாயா என்பதை இறங்கும்வரை அவர் முகத்தில் படிக்க முடியாது.

விமானத்துக்குப் பக்கத்தில் நின்று அவர் பெரியவளிடம் சொன்னார். "பின்னாடி உக்காந்து பாரு. பாக்கிறதோட சரி. வாயைத் திறக்கக் கூடாது, கையை நீட்டக் கூடாது, முன்சீட்டைத் தட்டக் கூடாது. யாராவது சாடை காட்டினா அந்தச் செக் செல்லாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

"நாங்க சாகப்போறோம்னு தெரிஞ்சாலும்?" என்று கேட்டாள் சின்னவள்.

"அதுக்கு நான் இருக்கேன்" என்றார் ஊமை. அதுதான் அவர் அன்று சொன்ன கடைசி வேடிக்கை.

பெரியவள் பின்சீட்டில் ஏறிக் குறுக்குப் பட்டையை இழுத்துக் கட்டினாள். ஹெட்செட்டை மாட்டினாள். மைக் உதட்டை உரசிக்கொண்டு நின்றது. முன்னால் தங்கையின் பின்கழுத்து. அப்பா தேய்த்த காலர் அந்தக் கழுத்தைச் சுற்றி விறைப்பாக நின்றது. பெரியவளின் பார்வை அதிலேயே போய்ப் போய் விழுந்தது.

கிளம்பினார்கள்.

மேலே போனதும் சின்னவள் ஹூட்டை மாட்டிக்கொண்டாள். தொப்பியின் விளிம்பைக் கீழே வளைத்த மாதிரி ஒரு மறைப்பு. அதை மாட்டினால் எதிரே இருக்கிற கருவிகள் மட்டும் தெரியும். வெளியே ஆகாயம் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது.

நன்றாக ஓட்டினாள். ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. உயரமானியின் முள் ஒட்ட வைத்ததுபோல நின்றது. கைகள் இறுகவில்லை. தோள் காதுக்கு ஏறவில்லை. பெரியவள் ஓட்டும்போது ஸ்டியரிங்கை மாட்டின் கொம்பைப் பிடிப்பதுபோல் பிடிப்பாள். இவள் தேநீர்க் கோப்பையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தாள்.

எங்கிருந்து வந்தது இவளுக்கு இது? ஒரே வீடு, ஒரே சாப்பாடு. அம்மா போன பிறகு இவளுக்குத் தலை வாரிவிட்டது யார்? மூக்கைத் துடைத்துவிட்டது யார்?

பீக்கனை நோக்கிப் போகும் வழியில் டவரிலிருந்து குரல் வந்தது. திசையை மாற்று, இறங்கு, ஹோல்டிங்கில் சேர் என்று மூன்று கட்டளைகள் ஒரே மூச்சில். சின்னவள் திரும்பச் சொன்னாள். விமானத்தைச் சாய்த்துத் திருப்பினாள்.

அப்போதுதான் அது நடந்தது.

திசை காட்டுவதற்கு விமானத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் கண்ணுக்கு நேரே இருக்கிற கைரோ. பார்க்கச் சுலபம், ஆடமாட்டார். ஆனால் நேரம் ஆக ஆக மெல்ல நழுவுவார். இன்னொருவர் முன்கண்ணாடியில் மேலே தொங்கும் காம்பஸ். கைரோ நழுவினால் காம்பஸைப் பார்த்து அதைத் திருத்த வேண்டும். ஆனால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. விமானம் திரும்பிக்கொண்டிருக்கும்போது காம்பஸ் தள்ளாடும், கண்டபடி காட்டும். திருப்பம் முடிந்து, நேரான பிறகு, அது அடங்கினால்தான் அதன் பேச்சை நம்பலாம். முதல் மாதத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

சின்னவள் அவசரப்பட்டாள். திருப்பம் முடியும் முன்பே தலையைத் தூக்கிக் காம்பஸைப் பார்த்தாள், கைரோவின் திருகைப் பிடித்துத் திருத்தினாள், தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு விமானம் நேரானது. காம்பஸ் ஆடி, ஆடி, அடங்கியது.

பெரியவள் காம்பஸைப் பார்த்தாள். கைரோவைப் பார்த்தாள். மறுபடி காம்பஸைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவில் இருபது டிகிரி இடைவெளி.

தங்கை இனிமேல் அந்தப் பொய்யான திசையை வைத்துக்கொண்டுதான் நுழையும் வழியைக் கணக்குப் போடுவாள். போட்டால் எந்த வழி வரும்? பெரியவள் மனத்துக்குள் போட்டுப் பார்த்தாள். அதற்கு அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. போன வாரம் அவள் போனாளே, அதே வழி. மலைப் பக்கம்.

விழப்போகிறாள்.

பெரியவள் நெஞ்சில் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது. கொளுத்தும் வெயிலில் நடந்து வந்தவள் கையில் ஒரு சொம்பு தண்ணீரைக் கொடுத்தால் வருமே, அப்படி ஒரு மூச்சு. ஆழமாக, தொண்டை திறந்து, உள்ளே போனது.

அவள் ஒன்றும் செய்யவில்லை. பேசவில்லை. கையை நீட்டவில்லை. சீட்டைத் தட்டவில்லை. விதி அப்படி. விதி இவ்வளவு இனிக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

அவள் கண் இன்னும் காம்பஸுக்கும் கைரோவுக்கும் போய் வந்துகொண்டிருந்தபோது ஊமை லேசாகத் திரும்பி ஒரு தரம் பின்னால் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டார்.

பீக்கன் நெருங்கியது. முள் நடுங்க ஆரம்பித்தது. சின்னவளின் இடது கை நுழையும் திருப்பத்துக்குத் தயாரானது.

திடீரென்று அவள் தலை நிமிர்ந்தது. காம்பஸைப் பார்த்தாள். கைரோவைப் பார்த்தாள்.

"என் தப்பு" என்றாள் சத்தமாக. "திரும்பும்போதே கைரோவைத் திருத்திட்டேன். இருபது டிகிரி தள்ளி இருக்கு. இப்பத் திருத்தறேன். நேர் வழியில நுழையறேன்."

கை திருகைத் திருகியது. விமானம் அடுத்த பக்கம் சாய்ந்தது. சரியான பக்கம்.

பெரியவள் வாய்க்குக் கொண்டுபோன தண்ணீரை யாரோ தட்டிவிட்டதுபோல இருந்தது.

அதன் பிறகு தங்கை சுற்றினாள். வலப்பக்கம் அரை வட்டம், நேர், அரை வட்டம், நேர். காற்று பக்கவாட்டில் தள்ளியதை முகர்ந்து பிடித்து விமானத்தின் மூக்கைத் திருப்பினாள். ஒவ்வொரு சுற்றும் போட்ட கோட்டின்மேலேயே மறுபடி போட்டதுபோல விழுந்தது. பெரியவள் ஒரு தப்பு தேடினாள். சின்னதாக ஒன்று. கிடைக்கவில்லை.

*

தரையில் இறங்கி எஞ்சினை அணைத்ததும் சின்னவள் பின்னால் பாய்ந்து வந்தாள். அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வேர்வை நாற்றமும் எண்ணெய் நாற்றமும் கலந்து வந்தது.

"நீ இல்லைன்னா நான் இன்னிக்குச் செத்தேன்கா!"

"நான் என்னடி பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணலை, சரி, ஒண்ணும் பண்ணலை." சின்னவள் கண்ணைச் சிமிட்டினாள். "கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"மூச்சு. ஹெட்செட்ல அப்படியே காதுக்குள்ள வந்துச்சு. நான் சின்னப் பிள்ளையில பாலைப் பொங்க விட்டா நீ மூச்சை இழுப்பியே, அந்த மாதிரி. எதையோ விட்டுட்டோம்னு பட்டுச்சு. எதுன்னு யோசிச்சுக்கிட்டே வந்து, கடைசியில தலையைத் தூக்கிட்டேன்."

பெரியவள் அப்படியே நின்றாள். அந்த மைக்குக்கு அழுத்துகிற பொத்தான் கிடையாது. சத்தம் பட்டால் தானாகத் திறந்துகொள்ளும் மைக் அது. அவளுக்கு அது தெரியும். மூச்சும் சத்தம்தான் என்பது மட்டும் அந்த நேரத்தில் தெரியவில்லை.

கட்டடத்துக்கு நடந்து வருவதற்குள், "அப்பாவுக்கு அனுப்பிட்டேன்" என்றாள் சின்னவள் போனைக் காட்டி. "அக்காவாலதான் தப்பிச்சேன்னு. வாசலுக்கு வர்றேன்னு சொல்லிட்டாரு. ஷிஃப்டை மாத்திக்கிட்டாராம்."

சொல்லிவிட்டு, இறங்கிய பின் கேட்கிற கேள்விகளுக்காக ஊமையின் அறைக்குள் போனாள். கதவு மூடிக்கொண்டது.

பெரியவள் நடைவழியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் வானிலை வரைபடம். அதை எவ்வளவு நேரம் பார்த்தாளோ, ஒரு கோடுகூட மனத்தில் ஏறவில்லை. தடுக்கப் பார்க்காத ஒன்றைத் தடுத்துக் கொடுத்துவிட்டாள். வயிற்றெரிச்சலில் இழுத்த மூச்சு, பாசத்தில் இழுத்த மூச்சாகப் போய் நின்றுவிட்டது. அவள் எரிச்சல்கூடத் தங்கைக்குத்தான் உதவுகிறது!

கதவு திறந்தது. "நீயும் உள்ள வா" என்றார் ஊமை.

உள்ளே சின்னவளின் முகத்தில் இரத்தம் இல்லை.

ஊமை மேசைக்குப் பின்னால் போய் உட்காரவில்லை. ஜன்னல் ஓரமாக நின்றார். "எல்லாரையும் கேக்கிற கேள்விதான் இவளையும் கேட்டேன். எதை வச்சுத் தலையைத் தூக்கினே? முள்ளு சரியா இல்லையா, காத்து மாறிச்சா? ஏதாவது ஒண்ணு சொல்லியிருக்கலாம். அக்கா மூச்சை இழுத்தா, அதான்னு சொல்லுது இந்தப் பொண்ணு."

"உண்மையைத்தானே சார் சொன்னேன்" என்றாள் சின்னவள் மெதுவாக.

"அதான் பிரச்சினை. எனக்கும் கேட்டுச்சு. என் காதுலயும் ஹெட்செட் இருந்துச்சு." அவர் பெரியவளைப் பார்த்தார். "நீ சாடை காட்டினியா?"

"சும்மா வந்த மூச்சு சார். நான் எதையும் கவனிக்கலை."

"நான் திரும்பிப் பாத்தேன். உன் கண்ணு காம்பஸ்ல இருந்துச்சு. அதுலயிருந்து கைரோவுக்குப் போச்சு. தப்பைப் பாத்துட்டே. பாத்துட்டுத்தான் அந்த மூச்சு. என்னை முட்டாளாக்காதே."

பெரியவள் ஜன்னல் பக்கமிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"சாடைன்னா சாடைன்னு சொல்லு. இவ செக் செல்லாது. அடுத்த பருவத்துல மறுபடி குடுக்கட்டும். உனக்கு ஒரு எச்சரிக்கை, அதோட சரி. அக்கா மனசு, புரிஞ்சுக்கிறேன். நாளைக்கு நீ உன் செக்கைக் குடுக்கலாம்."

ஒரே வார்த்தை. ஆமாம். தலையை ஆட்டினால்கூடப் போதும். தங்கை வாழ்நாள் முழுக்க நன்றி சொல்வாள். அப்பா பெரியவளே என்று கூப்பிட்டுத் தோளில் கை போடுவார். இரட்டை எஞ்சின் இடம் நாளை வரை காலியாக இருக்கும். இவ்வளவையும் ஒரே தட்டில் வைத்து நீட்டுகிறார் மனுஷன். எடுத்துக்கொண்டால் கேட்க ஆள் இல்லை. அவளைத் தவிர உண்மை தெரிந்தவர்கள் யாரும் இந்த உலகத்தில் இல்லை.

அவள் வாயைத் திறந்தாள்.

"சார்!" சின்னவள் எழுந்துவிட்டாள். "அக்கா பேர்ல எச்சரிக்கை எழுதாதீங்க சார். அவ பழக்கம் அது, வேணும்னு பண்ணியிருக்க மாட்டா. என் செக்கை வேணா அடிச்சுடுங்க. அந்த இடம் அவளுக்கே கிடைக்கட்டும். முதல்ல சேந்தது அவதானே? நான் காத்திருக்கேன்."

அழவில்லை. தெளிவாகச் சொன்னாள். வீட்டில் கடைசி முட்டையை அக்கா தட்டில் தள்ளிவிடுவாளே, அதே முகத்தோடு சொன்னாள்.

பெரியவளுக்கு உள்ளே என்னவோ கொதித்துப் பொங்கியது. இவள் விமானத்தில் என்னைவிடக் கெட்டிக்காரி. அது போதாதா? நல்லவளாகவும் என்னைவிட நல்லவளாக இருக்க வேண்டுமா? இவள் தூக்கிப் போடுவதைப் பொறுக்கிக்கொண்டுபோய் நான் அந்த இரட்டை எஞ்சினில் உட்கார வேண்டுமா?

"சாடை இல்லை சார்" என்றாள்.

"அப்ப என்ன?"

"சந்தோஷம்."

ஊமைக்குப் புரியவில்லை. "என்னது?"

"அவ தப்பு பண்ணிட்டான்னு பாத்தேன். நான் விழுந்த இடத்துலயே விழப்போறான்னு தெரிஞ்சுது. நிம்மதியா இருந்துச்சு. அந்த நிம்மதியில வந்த மூச்சு அது. அவளைத் தடுக்கணும்னு வரலை. அவளுக்குக் கேக்கும்னு தெரிஞ்சிருந்தா மூக்கைப் பொத்திக்கிட்டு உக்காந்திருப்பேன்."



ஊமை பெரியவளை வெகுநேரம் பார்த்தார். இத்தனை வருஷத்தில் பரிசோதகர் அறையில் பலரும் அழுததைப் பார்த்திருப்பார், கெஞ்சியதைப் பார்த்திருப்பார். இப்படி ஒன்றைக் கேட்டிருக்க மாட்டார்.

"இதை யாரும் தானா வந்து சொல்ல மாட்டாங்க" என்றார் கடைசியில். "அதனால நம்பறேன்." மேசைக்குப் போய்ச் சின்னவளின் தாளில் கையெழுத்துப் போட்டார். "கைரோ விஷயத்துல உனக்கு ஒரு புள்ளி குறைச்சிருக்கேன். தேறிட்டே. போ."

பிறகு தலையைத் தூக்காமலே பெரியவளிடம் சொன்னார். "உன் கண்ணு நல்லா இருக்கு. பின்சீட்ல இருந்து இவ்வளவு சீக்கிரம் நான் பாத்திருக்க மாட்டேன். நாளைக்குக் காலையில வா. இடம் போனாலும் செக் செக்தான்."

*

நடைவழியில் இருவரும் நடந்தார்கள். எப்போதும் இடித்துக்கொண்டு நடப்பவர்கள். இன்று நடுவில் ஓர் ஆள் போகலாம்.

வெளிக் கதவு வரை வந்ததும் சின்னவள் நின்றாள்.

"எவ்வளவு நேரம்?"

"என்ன எவ்வளவு நேரம்?"

"பாத்ததுக்கு அப்புறம் எவ்வளவு நேரம் சும்மா இருந்தே?"

"நீ தலையைத் தூக்கற வரைக்கும்."

"தூக்கலைன்னா?"

"தூக்கினியே."

"தூக்கலைன்னா, அக்கா?"

பெரியவள் காலணி நுனியைப் பார்த்தாள். "பேசக் கூடாதுன்னு விதிடி."

"விதி" என்று தங்கை ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள், வாயில் போட்டு ருசி பார்ப்பதுபோல. பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

வாசலில் துறைமுகத்து வேனோடு அப்பா நின்றுகொண்டிருந்தார். கிரேன் மசகு தோள் வரை அப்பியிருந்தது. முகம் கழுவாமலே வந்திருக்கிறார். சின்னவள்தான் முதலில் போனாள். அவளைத் தாண்டி அவர் பெரியவளிடம் வந்தார். இரண்டு கையாலும் அவள் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"பெரியவளே" என்றார். "நாலு பேர்கிட்டச் சொல்லிட்டேன். தான் விழுந்ததைக் காட்டிக்காம தங்கச்சியைத் தூக்கிவிட்டுருக்கா என் பொண்ணுன்னு. எனக்கு என்ன பயம்னா, நீங்க ரெண்டு பேரும் இந்த ஒரே இடத்துக்கு... சரி, விடு. அப்பன் புத்தி அவ்வளவுதான்."

ஒரு வாரமாக அவர் பேசாமல் இருந்தது இதனால்தானா? பெரியவளின் காதில் அவர் உள்ளங்கையின் காய்ப்பு உரசியது. இந்தக் கைக்காகத்தான் காலையில் அவள் வயிறு எரிந்தது. இப்போது கை தலைமேல் இருக்கிறது. எரிச்சல் அடங்கவில்லை. திருடின சோற்றைத் தின்பதுபோல இருந்தது.

வேனில் ஏறினார்கள். எப்போதும் முன்சீட்டுக்குச் சண்டை போடுகிற சின்னவள் பேசாமல் பின்னால் ஏறி ஜன்னல் பக்கம் ஒதுங்கினாள். அப்பா அதைக் கவனிக்கவில்லை. வண்டியைக் கிளப்பினார்.

"என்னடி, தேறினவ மாதிரியா இருக்கே? சொல்லு. அக்கா என்ன பண்ணினா, எப்படிப் பண்ணினா, ஒண்ணு விடாம உன் வாயாலயே சொல்லு. போன்ல ரெண்டு வரி போட்டா ஆச்சா?"

வேன் வாசல் கம்பத்தைத் தாண்டியது. சாலையில் ஏறியது. பெரியவள் முன்சீட்டிலிருந்து பக்கக் கண்ணாடியில் தங்கையைப் பார்த்தாள். தங்கையும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. அழுகை இல்லை. ஒரு வார்த்தையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிற முகம். தேர்ந்தெடுத்துவிட்டால் அதையும் நல்லதாகத்தான் எடுப்பாள். அக்காவைக் காட்டிக்கொடுக்காமல் எப்படியாவது பூசி மெழுகிவிடுவாள். அல்லது பூசாமல், கண்கலங்கி, அளந்து சொல்லி அப்பாவை அழவைப்பாள். எப்படிச் சொன்னாலும் கேட்கிறவருக்கு அவள்மேல்தான் பாசம் பொங்கும்.

"சொல்லேன்டி" என்றார் அப்பா.

சின்னவள் உதட்டைப் பிரித்தாள்.

இதையும் இவள் எனக்கு முந்திக்கொள்ளக் கூடாது என்று பெரியவள் நினைத்தாள்.

"வண்டியை ஓரமா நிறுத்துங்கப்பா" என்றாள். "நானே சொல்றேன்."